ஹைட்ரேஞ்சியா: நீலம் தானாக வரும், ரோஸ் நிறத்துக்குத்தான் பாடு

ஹைட்ரேஞ்சியாவின் நிறத்தை மாற்றுவது பற்றி இணையத்தில் தேடினால் கிடைக்கிற குறிப்புகளில் பெரும்பாலானவை, ரோஸ் நிறப் பூவை நீலமாக்குவது எப்படி என்பதையே சொல்லித் தருகின்றன. அவை சுண்ணாம்புப் பாறை நிறைந்த தென் இங்கிலாந்திலோ, கடின நீர் ஓடுகிற அமெரிக்க மாநிலங்களிலோ தோட்டம் வைத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. குன்னூரில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு நிலைமை நேர் எதிர். தேயிலைத் தோட்டத்து வேலியோரத்தில் யாரும் திரும்பிப் பாராத செடிகூட, கோடை மழை பெய்த கையோடு ஆகாய நீலத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்து நிற்கும். எங்களிடம் கேட்கப்படுகிற கேள்வி, ‘உங்கள் வீட்டுப் பூ மட்டும் எப்படி ரோஸாக இருக்கிறது?’ என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாமல் போவதால் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

முதலில் நாம் பூ என்று பார்ப்பது எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பந்து போல் திரண்டிருக்கும் ஒரு கொத்தை எடுத்து, அதில் ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அகன்று விரிந்திருக்கும் நான்கு ‘இதழ்களும்’ உண்மையில் அல்லி இதழ்கள் அல்ல, புல்லி இதழ்கள். அவற்றின் நடுவில் கடுகளவில் ஒரு மொக்கு இருக்கும். அல்லி இதழ், மகரந்தம் எல்லாம் அந்தக் கடுகுக்குள்தான் அடங்கியிருக்கின்றன. புல்லி இதழ் என்பதால்தான் அது நாலைந்து நாளில் வாடி உதிராமல் வாரக்கணக்கில் செடியிலேயே நிற்கிறது. புல்லியின் மேல்தோலில் நிறம் கிடையாது. தோலுக்கு அடியில் உள்ள இரண்டாம் அடுக்கு உயிரணுக்களில், ஒவ்வோர் அணுவின் உள்ளேயும் இருக்கும் நீர்ப்பையில், நிறமி கரைந்திருக்கிறது.

அந்த நிறமி ஒன்றே ஒன்றுதான் என்பதை முதன்முதலில் கேட்பவர்கள் நம்ப மறுப்பார்கள். நீலப் பூவிலும் ரோஸ் பூவிலும் இருப்பது டெல்ஃபினிடின் என்ற நிறமியின், சர்க்கரை சேர்ந்த வடிவம் (குளுக்கோசைடு). பூக்களுக்கும் பழங்களுக்கும் சிவப்பும் நீலமும் தரும் ஆந்தோசயனின் வகையைச் சேர்ந்தது அது. கத்தரிக்காய்த் தோலின் கருநீலமும் சங்குப்பூவின் நீலமும் இதே டெல்ஃபினிடின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். சங்குப்பூ ஊறிய நீரில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகி ரோஸாக மாறுவதைப் பலர் வீட்டிலேயே செய்து பார்த்திருப்பீர்கள். பள்ளியில் பார்த்த லிட்மஸ் தாளும் அப்படித்தான், அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். ஆனால் ஹைட்ரேஞ்சியாவோ அமில மண்ணில் நீலமாகவும், காரத்தின் பக்கம் சாய்ந்த மண்ணில் ரோஸாகவும் பூக்கிறது. இதைப் பார்த்துவிட்டு, ‘இந்தச் செடி லிட்மஸுக்குத் தலைகீழ்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அப்படிச் சொல்வது மனப்பாடம் செய்ய உதவும். நிறத்தை மாற்ற நினைக்கிறவருக்கோ அது வழிதவறச் செய்யும் விளக்கம், ஏனென்றால் மண்ணின் அமிலம் பூவுக்குள் போய் நிறமியைத் தொடுவதே இல்லை. பூவின் அணுவுக்குள் இருக்கும் நீரின் அமிலத்தன்மை வேறு, வேருக்கு வெளியே இருக்கும் மண்ணின் அமிலத்தன்மை வேறு.

ஜப்பானின் நாகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குமி யோஷிடாவும் அவருடைய குழுவினரும் ஹைட்ரேஞ்சியாவின் ஒற்றை உயிரணுவுக்குள் நுண்மின்முனையைச் செலுத்தி, அதன் பி.எச். அளவை (அமில-கார அளவு: 7 நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) நேராகவே அளந்து காட்டினார்கள். நீல அணுவில் ஏறத்தாழ 4.1, சிவந்த அணுவில் ஏறத்தாழ 3.3. இரண்டுமே நல்ல புளிப்புத்தான். அந்தப் புளிப்பில் தனியாக விடப்பட்டால் டெல்ஃபினிடின் சிவப்பாகவே இருக்கும். அது நீலமாவதற்கு இரண்டு துணைகள் வேண்டும். ஒன்று, செடியே தயாரித்துக்கொள்ளும் காஃபியோயில் குயினிக் அமிலம் போன்ற நிறமற்ற துணைப் பொருள். மற்றொன்று, செடியால் தயாரிக்க முடியாதது, மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி வர வேண்டிய அலுமினியம். மூன்றும் கைகோத்தால் நீலம், அலுமினியம் வராவிட்டால் ரோஸ், பாதி வந்தால் இரண்டும் கலந்த ஊதா. அந்த ஊதாவை உருப்பெருக்கியில் பார்த்தால் நீல அணுக்களும் சிவந்த அணுக்களும் அருகருகே புள்ளிக்கோலம் போட்டதுபோல் கலந்து கிடப்பதும் இதே ஆய்வுகளில் தெரியவந்தது.

அலுமினியம்தான் காரணம் என்பது புதிய செய்தி அல்ல. ஹன்ஸ் மோலிஷ் என்ற தாவரவியலர் 1897-இலேயே அலுமினியம் கலந்த படிகாரத்தை மண்ணில் இட்டு ரோஸ் பூவை நீலமாக்கிக் காட்டி, அதைப் பற்றி எழுதியும் வைத்தார். 1943-இல் அமெரிக்காவின் பாய்ஸ் தாம்ப்சன் ஆய்வு நிறுவன வெளியீட்டில் ஆர். சி. ஆலன், பூவின் நிறத்துக்கும் அதிலுள்ள அலுமினியத்துக்கும் இருக்கும் தொடர்பை அளவுகளோடு நிறுவினார். அண்மைக் காலத்தில் வர்ஜீனியா ராணுவக் கல்லூரியின் வேதியியலர் ஹென்றி ஷ்ரைபர் குழு, ஒரு கிராம் புதிய புல்லி இதழில் சுமார் 40 மைக்ரோகிராம் அலுமினியம் சேர்ந்துவிட்டால் நிறம் முழு நீலத்தை எட்டிவிடுகிறது என்று கண்டது. ஒரு கிராமில் 40 மைக்ரோகிராம் என்பது ஒரு கிலோவில் 40 மில்லிகிராம். ஒரு சிட்டிகைகூடத் தேறாத இந்த அளவுதான் நம் தோட்டத்தின் முகத்தையே மாற்றிவிடுகிறது.

அப்படியானால் மண்ணின் அமிலத்துக்கு என்ன வேலை? பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் ஏறத்தாழ 8 விழுக்காடு அலுமினியம்தான். ஆக்சிஜனுக்கும் சிலிக்கனுக்கும் அடுத்த இடம் அதற்கு. எந்தக் களிமண்ணிலும் அது வேண்டிய மட்டும் இருக்கிறது, ஆனால் கரையாத வடிவில், களித்துகளோடு கட்டுண்டு கிடக்கிறது. மண்ணின் பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கும்போது அந்தக் கட்டு தளர்ந்து, அலுமினியம் அயனியாகி நீரில் கரைகிறது, வேர் அதை உறிஞ்சிக்கொள்கிறது. 6.5-ஐத் தாண்டிவிட்டால் அது மறுபடியும் கரையாத ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடுகிறது. ஆக, அமிலம் என்பது அலுமினியத்துக்குக் கதவு திறந்துவிடும் வேலையை மட்டுமே செய்கிறது. உள்ளே அலுமினியம் இல்லாத இடத்தில் கதவை எவ்வளவு அகலத் திறந்தும் பயனில்லை. நிறத்தை மாற்றுவதற்காகச் சொல்லப்படும் கைவைத்தியங்களில் முக்கால்வாசி இந்த இடத்தில்தான் தோற்றுப்போகின்றன.

நீலகிரியில் நீலம் இலவசமாகக் கிடைப்பதற்கும் காரணம் இதுவே. இங்கே காலங்காலமாகப் பெய்த மழை, கரையக்கூடிய கால்சியத்தையும் மக்னீசியத்தையும் மண்ணிலிருந்து அரித்துக்கொண்டு போய்விட்டது. இரும்பும் அலுமினியமும்தான் ஆக்சைடுகளாக மிஞ்சி நிற்கின்றன. பாடப்புத்தகம் லேட்டரைட் என்று சொல்கிற, சரளை கலந்த இந்தச் செம்மண்ணின் பி.எச். பல இடங்களில் 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் இருக்கிறது. தேயிலைக்கு உகந்ததும் அதே அளவுதான். இது தற்செயலான ஒற்றுமை அல்ல. கரைந்த அலுமினியம் பெரும்பாலான பயிர்களுக்கு நஞ்சு, வேர்நுனியைக் கருக்கி வளர்ச்சியை நிறுத்திவிடும். தேயிலையும் ஹைட்ரேஞ்சியாவும் அதைத் தாங்கிக்கொள்வது மட்டுமல்ல, இலையில் சேர்த்தும் வைக்கின்றன. ஹைட்ரேஞ்சியா இலையில் அலுமினியம் சிட்ரேட்டோடு பிணைந்து, தீங்கு செய்ய முடியாத வடிவத்தில் இருப்பதை 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தேயிலை செழிக்கும் மண்ணில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். எரிமலை மண்ணும் மழையும் உள்ள, போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுக்கூட்டத்தில், வேலி வேலியாக ஹைட்ரேஞ்சியா பூக்கும் ஃபயல் தீவுக்கு ‘நீலத் தீவு’ என்றே பெயர். செடியின் தாயகமான ஜப்பானிலும் மழைக்காலமான ஜூன் மாதத்தில் காமகுராவின் மெய்கெட்சுயின் கோயில் வளாகம் முழுவதும் நீலம்தான்.

மண் ஒன்றாகவே இருந்தாலும் ஒரே செடியில் இரண்டு நிறம் வருவது உண்டு. எங்கள் தெருவில் ஒரு வீட்டின் பின்சுவரை ஒட்டி முதிர்ந்த புதர் ஒன்று நிற்கிறது. சுவரைப் பார்த்த பக்கம் வெளிறிய ரோஸ், சாலையைப் பார்த்த பக்கம் நல்ல நீலம், நடுவில் உள்ள கொத்துகள் ஊதா. இரண்டு செடியை ஒரே குழியில் நட்டிருப்பார்களோ என்று நான் சொன்னதும், அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெரியவர், “இல்லீங்கம்மா, ஒரே செடிதாங்க. சிமெண்டுச் சாரல் இறங்குற பக்கம் மட்டும் இப்படித்தான் பூக்கும்” என்று கூரையின் விளிம்பைக் காட்டினார். ஓட்டிலிருந்து வழியும் மழைநீர் சுண்ணாம்புப் பூச்சையும் சிமெண்டையும் கழுவிக்கொண்டு அடிச்சுவர் ஓரமாகவே இறங்குகிறது. அந்தப் பக்கத்து வேர்களுக்குக் கிடைப்பது வேறு மண். ஒரு பக்கத்து வேர் உறிஞ்சுவது பெரும்பாலும் அதே பக்கத்துக் கிளைகளுக்கே ஏறுவதால், செடி தன் காலடி மண்ணின் வரைபடத்தைத் தலையில் தாங்கி நிற்கிறது. அவர் பி.எச். என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்கிறாரோ இல்லையோ, காரணத்தைச் சரியாகத்தான் பிடித்திருந்தார்.

இனி கைவைத்தியங்கள். துருப்பிடித்த ஆணியைப் புதைத்தால் நீலமாகும் என்பது மிகப் பழைய நம்பிக்கை. ஆணியில் இருப்பது இரும்பு, நமக்கு வேண்டியது அலுமினியம், எனவே இதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை. காப்பித் தூள் சக்கையை அமிலம் என்று நினைத்துப் போடுகிறார்கள். வடித்தெடுத்த சக்கையில் அமிலம் பெரும்பாலும் டிகாக்‌ஷனோடு போய்விடுகிறது, மிஞ்சுவது நடுநிலைக்கு அருகில்தான் இருக்கும். அது நல்ல மட்கு, நிறத்துக்கு அதை நம்ப வேண்டியதில்லை. தேயிலைச் சக்கையில் அலுமினியம் உண்டு என்பது உண்மையே. ஆனால் தேயிலைச் செடி அலுமினியத்தைப் பெருமளவில் சேர்த்து வைப்பது முதிர்ந்த அடியிலைகளில், நாம் குடிக்கும் தூளோ இளந்துளிரிலிருந்து வருவது. வினிகரும் எலுமிச்சைச் சாறும் மண்ணில் சில நாளிலேயே நுண்ணுயிர்களால் சிதைக்கப்பட்டுவிடும். இவை எதுவும் செடியைக் கொல்லாது என்பதால் செய்து பார்ப்பதில் நட்டமில்லை. ஆனால் அடுத்த ஆண்டு பூ தற்செயலாகக் கொஞ்சம் நீலமாகத் தெரிந்தால் அந்தப் பெருமை ஆணிக்குப் போய்விடுகிறது, அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. படிகாரம் மட்டும் இந்தப் பட்டியலில் சேராது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரம் என்பது பொட்டாசியம் அலுமினியம் சல்பேட், அதில் அலுமினியமே இருக்கிறது. ஜப்பானியர் கத்தரிக்காய் ஊறுகாயில் தோலின் நீலம் மங்காதிருக்கப் படிகாரம் தடவுவதும் இதே வேதியியலால்தான்.

எங்கள் மலையில் ரோஸ் நிறம் வேண்டுமென்றால், செய்ய வேண்டியது அலுமினியத்துக்குக் கதவைச் சாத்துவது. அதற்கு முன் மண்ணை அளந்துகொள்ள வேண்டும். செடியைச் சுற்றி நாலைந்து இடத்தில், மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழம் வரை மண்ணெடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்திச் சலித்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் தெளிய விட்டு, பி.எச். தாளை நனைத்துப் பார்த்தால் ஓரளவு சரியான எண் கிடைக்கும். குழாய்நீரை ஊற்றினால் அந்த நீரின் குணத்தையும் சேர்த்து அளந்தவர்களாவோம். துல்லியம் வேண்டுவோர் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து வாங்குவதே மேல். எண்ணைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 5.0-க்கும் 6.0-க்கும் உள்ள வேறுபாடு ஒன்று அல்ல, பத்து மடங்கு. 5.0 உள்ள மண்ணை 6.5-க்கு ஏற்றுவது ஒரு பிடிச் சுண்ணாம்பால் ஒரு மாதத்தில் நடக்கிற காரியம் அன்று.

எஸ்டேட்டுகளுக்கு உரம் விற்கும் கடைகளில் கிடைக்கும் டோலமைட் என்ற சுண்ணாம்புப் பாறைத் தூள்தான் இதற்கு ஏற்ற பொருள். கால்சியம் கார்பனேட்டோடு மக்னீசியமும் இருப்பதால், மழையால் இரண்டையும் இழந்த எங்கள் மண்ணுக்கு அது பொருந்துகிறது. மெதுவாகக் கரைவதால் வேரைச் சுடுவதுமில்லை. சுவருக்கு அடிக்கிற சுட்ட சுண்ணாம்பைத் தோட்டத்தில் கொட்டவே கூடாது, அது நீரோடு சேரும்போது எழும் சூடும் காரமும் வேரைப் பொசுக்கிவிடும். விறகடுப்புச் சாம்பலும் மண்ணைக் கார பக்கம் திருப்பும். ஆனால் அது சட்டென்று கரைந்து சட்டென்று போய்விடுவதால் துணைக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர அதையே நம்பியிருக்க முடியாது. சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் டோலமைட்டைத் தூவி, மேல்மண்ணோடு கொத்துக்கரண்டியால் கலந்துவிட வேண்டும். ஹைட்ரேஞ்சியாவின் வேர் ஆழமாகப் போவதில்லை, மேலாகவே பரவியிருக்கும், ஆகவே ஆழக் கொத்தக் கூடாது. கோடைப் பூ முடிந்த பிறகு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, செப்டம்பர் வாக்கில் இட்டால் குன்னூர் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை மழை அதைக் கீழே இறக்கிவிடும். சில மாதம் கழித்து மறுபடியும் மண்ணை அளந்துவிட்டே அடுத்த தவணையை இட வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத கூட்டாளி பாஸ்பரஸ். அது மண்ணிலுள்ள அலுமினியத்தைப் பிடித்துக் கரையாத பாஸ்பேட்டாக்கிப் பூட்டிவிடுகிறது. எனவே ரோஸ் வேண்டுவோர் சூப்பர் பாஸ்பேட்டையோ எலும்புத் தூளையோ இட்டால், பி.எச். முழுதாக ஏறாமல் இருக்கும்போதே நிறம் சிவக்கத் தொடங்கும். நீலம் வேண்டுவோருக்கு இதே செய்தி எச்சரிக்கையாகிறது. எல்லாச் செடிக்கும் போடுகிறோம் என்று, பாஸ்பரஸ் கலந்த 17:17:17 உரத்தையோ டி.ஏ.பி.யையோ ஹைட்ரேஞ்சியாவுக்கும் வாரி இறைத்துவிட்டு, நீலம் ஏன் மங்குகிறது என்று வியந்து பயனில்லை. நீலத்துக்குப் பாஸ்பரஸ் குறைந்து பொட்டாஷ் மிகுந்த உரமும், தழைச்சத்துக்கு மண்ணை அமிலமாக்கும் அம்மோனியம் சல்பேட்டும் உகந்தவை.

ரோஸ் நிறத்துக்கு ஓர் எல்லை உண்டு. பி.எச். 7-ஐத் தாண்டினால் அலுமினியத்தோடு இரும்புக்கும் கதவு அடைபட்டுவிடும். இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி முழுக்க மஞ்சளாகும். அந்த அறிகுறி தெரிந்தவுடன் சுண்ணாம்பை நிறுத்திவிட்டு, இரும்புக் கீலேட்டை (வேர் உறிஞ்சக்கூடிய வடிவில் உள்ள இரும்பு) கொடுக்க வேண்டும். 6.2-க்கும் 6.5-க்கும் இடையில் நிறுத்திக்கொண்டு, பாஸ்பரஸின் துணையோடு நிறத்தைப் பிடிப்பதே என் வழக்கம். அப்படிச் செய்தாலும், கடையில் விற்கும் தொட்டிச் செடியின் கண்ணைப் பறிக்கும் ரோஸ் எங்கள் மண்ணில் வராது, சற்றே ஊதா சாயல் தங்கிய மெல்லிய ரோஸ்தான் வரும். எனக்கு அந்த நிறமே பிடித்திருக்கிறது. கவனிப்பை விட்டுவிட்டால் சில பருவமழைகளில் இட்ட கால்சியம் எல்லாம் கரைந்தோடி, செடி மறுபடியும் நீலத்துக்கே திரும்பிவிடும்.

மலைக்கு வெளியே, அதாவது பெங்களூரிலோ கோவையிலோ சென்னையிலோ, தொட்டியில் வளர்ப்பவர்களின் கதை வேறு. நர்சரியில் நீலமாக வாங்கி வந்த செடி அடுத்த பருவத்தில் ரோஸாகப் பூத்தது, ஏமாற்றிவிட்டார்கள் என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அதில் ஏமாற்று எதுவும் இல்லை. தொட்டிச் செடியை நீலமாக்க, வளர்ப்பவர்கள் மொட்டுக்கு முன்பே அலுமினியம் சல்பேட் கரைசலை ஊற்றி வருவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அது நின்றுவிடுகிறது. தொட்டியில் இருப்பதோ தென்னை நார்க்கழிவும் மட்கும், அதில் களிமண் இல்லை, ஆகவே அலுமினியமும் இல்லை. பி.எச். 5.5 இருந்தாலும் அந்தக் கலவையில் பூ ரோஸாகவே வரும். போதாததற்கு ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள பைகார்பனேட் ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் பி.எச்.-ஐக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறது. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தால் நீர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

அவர்களுக்கு நீலம் வேண்டுமென்றால், லிட்டருக்கு 4 கிராம் அலுமினியம் சல்பேட் கரைத்து, முன்னதாகவே ஈரமாக இருக்கும் மண்ணில், துளிர் விடத் தொடங்கியதிலிருந்து மொட்டில் நிறம் தெரியும் வரை, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊற்றலாம். படிகாரத்தில் அலுமினியம் எடையில் 5.7 விழுக்காடு, படிகநீர் முழுதும் உள்ள அலுமினியம் சல்பேட்டில் 8.1 விழுக்காடு. ஆகவே படிகாரமாக இருந்தால் லிட்டருக்கு 6 கிராம் வரை பொடித்துக் கரைக்க வேண்டும். காய்ந்த மண்ணில் ஊற்றினாலும், அவசரப்பட்டு அளவைக் கூட்டினாலும் இலை விளிம்பு கருகும். இலையின்மேல் தெளிப்பதால் எந்தப் பயனும் இல்லை. புதிதாக நட்ட சிறு செடிக்கு இதைத் தொடங்காமல், வேர் பிடித்து ஓரிரு ஆண்டு ஆன பிறகு கொடுப்பது நல்லது. மழைநீரைச் சேமித்து ஊற்ற முடிந்தால் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். கந்தகத் தூளும் மண்ணை அமிலமாக்கும்தான், ஆனால் மண்ணிலுள்ள பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கிக் கொடுக்கச் சில மாதங்கள் ஆகும். களிமண் இல்லாத தொட்டிக் கலவையில், அலுமினியம் சேர்க்காமல் கந்தகத்தை மட்டும் இட்டு நீலத்தை எதிர்பார்க்க முடியாது.

எந்த நிறத்துக்கானாலும் பூ விரிந்த பிறகு செய்வது எல்லாம் அடுத்த ஆண்டுக்கான வேலையே. புல்லி இதழ் உருவாகி நிறமேறும் காலத்தில் அலுமினியம் செடிக்குள் இருக்கிறதா இல்லையா என்பதே கணக்கு. இதை அறியாமல், நீலமாக மலர்ந்து நிற்கும் கொத்துக்கு அடியில் சுண்ணாம்பைக் கொட்டிவிட்டு நாள்தோறும் போய்ப் பார்ப்பதில் பொருளில்லை. பழுத்த கொத்துகள் ஆவணிக்கு மேல் பச்சையும் செம்மையும் கலந்து மாறுவதைச் சிலர் உரத்தின் பலன் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது பூ மூப்படைவதால் வரும் மாற்றம், மண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

எல்லா வகையும் இந்த விளையாட்டுக்கு வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிறம் மாறுவது மேக்ரோஃபில்லா என்ற பெரிய இலை இனத்திலும் அதன் நெருங்கிய உறவான செர்ராட்டாவிலும்தான். வெள்ளை வகைகளில் ஆந்தோசயனின் இல்லாததால் அலுமினியம் சேர்வதற்கு அங்கே ஆளே இல்லை. 1909-இல் பிரான்சில் அறிமுகமான ‘மதாம் எமில் முய்யேர்’ என்ற பழைய வெள்ளை வகையில், நடுவிலுள்ள கடுகளவுப் பூ மட்டும் மண்ணுக்கேற்ப நீலமாகவோ ரோஸாகவோ மாறும், சுற்றியுள்ள புல்லி வெள்ளையாகவே நிற்கும். ‘அனபெல்’, ‘லைம்லைட்’ போன்றவை வேறு இனங்கள், அவற்றுக்குப் படிகாரமும் வேண்டாம் டோலமைட்டும் வேண்டாம். அடர்சிவப்பாக வளர்த்தெடுக்கப்பட்ட நவீன வகைகளை எவ்வளவு அலுமினியம் கொடுத்தாலும் ஊதா வரைதான் கொண்டுபோக முடியும். மலையில் வீட்டுக்கு வீடு கட்டிங் கொடுத்துக் கொடுத்தே பரவிய பெயரில்லாப் பழைய வகைதான் இதற்கு மிகவும் இணக்கமானது. மண் எதைச் சொல்கிறதோ அதை அப்படியே பூவில் காட்டிவிடும்.

புதிதாகத் தோட்டம் போடுகிற நண்பர்கள் கேட்டால், நிலத்தில் நிற்கும் செடிகளை நீலமாகவே விட்டுவிட்டு, அதே செடியின் கட்டிங்கைத் தொட்டியில் வேர்பிடிக்க வைத்து, நார்க்கழிவும் மட்கும் கைப்பிடி டோலமைட்டும் கலந்த கலவையில் ரோஸாக வளர்க்கச் சொல்கிறேன். தொட்டிக் கலவையை நம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம், மலைச்சரிவின் மண்ணோடு ஆண்டுதோறும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. தொட்டியைத் தரையோடு வைக்காமல் ஒரு செங்கல்லின்மேல் தூக்கி வைக்க மறக்காதீர்கள். அடித்துளை வழியாக வேர் செம்மண்ணைத் தொட்டுவிட்டால், ரோஸ் கொத்துகளுக்கு நடுவே ஒரு கிளை மட்டும் நீலமாகப் பூக்க ஆரம்பிக்கும்.